இருபது என்று நிரப்பிய கட்டங்கள்

அந்த வீட்டில் சண்டை என்று ஒன்று வந்தால் அது மின்விசிறியைப் பற்றித்தான் வரும். மற்ற சண்டைகள் எதுவும் இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு மேல் தாங்கியதில்லை. இது மட்டும் கல்யாணமான மறுவாரம் தொடங்கி இன்றுவரை ஓய்ந்தபாடில்லை. வீட்டம்மாவுக்கு பேக்கரியில் வேலை. நாள் முழுக்க ரொட்டி அடுப்பின் வாயில் நின்றுவிட்டு, முகம் சிவந்து, காதோர மயிரில் மாவோடு வந்து விழுவார். வந்ததும் விசிறி ஐந்தில் ஓட வேண்டும். வீட்டுக்காரருக்கு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஏசி அறையில் இருந்து எலும்புவரை குளிர் ஏறித் திரும்புவார். அவருக்கு விசிறியைக் கண்டாலே ஆகாது.

"என்னங்க, நான் என்ன உங்க தவளையா, காத்தில்லாம பெட்டிக்குள்ள போட்டு மூடி வெக்கிறதுக்கு?" என்பார் வீட்டம்மா.

"நீ ஆறி முடிக்கிறதுக்குள்ள நான் விறைச்சுப் போயிடுவேன்."

"விறைச்சா சொல்லுங்க, நாளைக்கு அடுப்புல வெச்சு எடுத்துத் தரேன்."

இப்படியே பேசிப் பேசிக் கடைசியில் விசிறி மூன்றில் நிற்கும். இரண்டு பேருக்குமே அது பிடிக்காது. அதனால்தான் அது நியாயமான தீர்ப்பு.

ஆராய்ச்சிக்கூடத்தில் அவரை எல்லோரும் ஸ்வெட்டர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். பழுப்பு நிறத்தில் ஒரு ஸ்வெட்டர். வலது முழங்கை நைந்து ஓட்டை விழுந்தபோது வீட்டம்மா பேக்கரியின் பழைய அடுப்புக் கையுறையிலிருந்து ஒரு துண்டை வெட்டி ஒட்டுப் போட்டுக் கொடுத்தார். அதிலிருந்து அந்த முழங்கை மட்டும் நெருப்புக்கும் அஞ்சாது என்று அவரே சொல்லிக்கொள்வார். அந்த ஸ்வெட்டரைக் கழற்றி அவரை அங்கே யாரும் பார்த்ததில்லை. வெயில் கொளுத்தும் நாளில் வாசலில் வண்டியை விட்டு இறங்கும்போதே மாட்டிக்கொண்டுதான் உள்ளே நுழைவார்.

சும்மா சொல்லக்கூடாது, வேலை என்றால் அப்படி ஒரு வேலைக்காரர். நகத்தவளைகளை வளர்ப்பது, அவற்றிலிருந்து எடுத்த முட்டைகளைக் கழுவிப் பொறுக்குவது, கண்ணாடிக் குழாயைச் சூடான கம்பிச் சுருளுக்குள் வைத்து இழுத்து, கண்ணுக்கே தெரியாத முனையுள்ள ஊசியாக்குவது, உப்புக் கரைசல்களைக் கலக்கிப் புட்டிகளில் தொங்கவிடுவது, இவையெல்லாம் இருபத்தாறு வருடமாக அவர் பாடு. முட்டை ஒவ்வொன்றும் கடுகளவு. பாதி கறுப்பு, பாதி வெளுப்பு. நூறு முட்டையை ஒரு தட்டில் பரப்பினால் எது மூன்று நாள் தாங்கும், எது நாளைக்கே நைந்துபோகும் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வார். படித்தவர்கள் அதற்குக் காரணம் கேட்டால் மட்டும் அவருக்குச் சொல்லத் தெரியாது.

அந்த முட்டைகளை வைத்து அங்கே செய்த ஆராய்ச்சி நரம்பைப் பற்றியது. நரம்புச் செல்லின் தோலில் பொட்டாசியம் வெளியே போவதற்கென்று நுண்ணிய வாசல்கள் உண்டு. அந்த வாசலைக் கட்டுவதற்கான குறிப்பை ஒரு துளியில் கரைத்து முட்டைக்குள் ஏற்றிவிட்டால், முட்டை மூன்று நாளில் அதைக் கட்டித் தன் தோலில் பதித்துக்கொள்ளும். பிறகு இரண்டு ஊசிகளை அதில் இறக்கி, மின்னழுத்தத்தை மாற்றினால் வாசல்கள் திறக்கும். திரையில் ஒரு கோடு சட்டென்று மேலே ஏறும். திறந்த வாசல் அப்படியே நிற்காது. கொஞ்ச நேரத்தில் தன்னைத்தானே அடைத்துக்கொள்ளும். ஏறிய கோடு சரிந்து இறங்கும். கொஞ்சம் ஓய்வு கொடுத்தால்தான் அடைப்பு விலகும். அந்தக் கோடு எத்தனை மில்லிசெகண்டில் சரிகிறது என்று அளப்பதற்காகத்தான் இத்தனை தவளைகளும் இத்தனை பட்டங்களும்.

ஒருமுறை வீட்டம்மாவுக்கு இதை வாஷ்பேசினைக் காட்டி விளக்கினார். "இந்தா, இந்தச் சங்கிலியில அடைப்பான் தொங்குதில்ல? அதே மாதிரி வாசலுக்குள்ள ஒரு சங்கிலி, அதோட நுனியில ஒரு உருண்டை. வாசல் திறந்ததும் அது ஆடி ஆடி வந்து ஓட்டையில உக்காந்துக்கும்."

வீட்டம்மா கையைத் துடைத்துக்கொண்டே, "சூடா இருந்தா சீக்கிரம் வந்து உக்காருமா?" என்று கேட்டார். அடுப்போடு பழகியவருக்கு வேறு எப்படிக் கேட்கத் தோன்றும்?

"உனக்கு எல்லாத்துக்கும் சூடுதான்," என்று சிரித்துவிட்டு அவர் பேச்சை மாற்றினார். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கொஞ்சம் காதில் வாங்கியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பதிவு செய்யும் அறை சின்னது. சுவரில் 'எப்போதும் 20 டிகிரி' என்று தலைமை விஞ்ஞானி தன் கையால் எழுதி ஒட்டியிருந்தார். அந்தக் குளிர் இயந்திரங்களின் நலனுக்காக என்றுதான் நம் ஆள் நினைத்திருந்தார். விலை உயர்ந்த பெட்டிகள், சூடேறினால் கெட்டுப்போகும், அதற்காக மனிதர்கள் நடுங்க வேண்டியிருக்கிறது என்பது அவர் கணக்கு. ஏன் இருபது என்று அவர் கேட்டதில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்று மற்றவர்களும் சொன்னதில்லை.

தினமும் நிரப்ப ஒரு தாள் உண்டு. தேதி, முட்டை வந்த தவளை, கரைசல் எண், அறை வெப்பம், கையெழுத்து. ஏசியின் ரிமோட் அவருடைய ஸ்வெட்டர் பையில்தான் குடியிருந்தது. சுவரில் இருபது, ரிமோட்டில் இருபது, இதில் தினம் தினம் பார்த்து எழுத என்ன இருக்கிறது? திங்கட்கிழமை காலையில் டீ குடித்த கையோடு ஐந்து தாள்களை வரிசையாக வைத்து, ஐந்திலும் வெப்பக் கட்டத்தில் இருபது, இருபது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிடுவார். ஊசி முனையில் ஒரு தூசு இருந்தால் விடாத மனிதர் இதைச் செய்தார். எல்லோருக்கும் இப்படி ஓர் ஓட்டை எங்காவது இருக்கும்போல. முட்டையிருக்கும் தொட்டிக்குள் வைக்கும் வெப்பமானி ஒன்றும் இருந்தது. அது முறிந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. புதிது கேட்டு அவர் எழுதிக் கொடுத்த தாள் தலைமை விஞ்ஞானியின் மேசைக்குப் போனது, திரும்பவில்லை.

நான்கு வருடத்துக்கு முன் ஒரு பெண் அங்கே முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். ஒல்லியான உடம்பு, பெரிய கண்ணாடி, பேச ஆரம்பித்தால் மூச்சு விடாமல் பேசுவாள். பட்டம் வாங்குவதற்கு முன்பே ஸ்வெட்டர் அண்ணன் அவளை டாக்டரம்மா என்று கூப்பிடத் தொடங்கினார். முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அந்தப் பெயரில் அவருக்கே ஒரு பெருமை வந்துவிட்டது.

திடீர் திடீரென்று கை கால் தள்ளாடும் நோய் உள்ள ஒரு குடும்பத்தின் வாசலை அவள் ஆராய்ந்தாள். அந்த வாசலைக் கட்டும் புரதச் சங்கிலியில் ஒரே ஒரு கண்ணி மட்டும் மற்றவர்களுடையதிலிருந்து மாறியிருந்தது. காலையில் சாதாரண வாசல் உள்ள முட்டைகளை அளப்பாள். மத்தியானம் சாப்பிட்டு வந்து மாறிய வாசல் உள்ள முட்டைகளை அளப்பாள். முதலில் தெரிந்தது, பிறகு தெரியாதது. அந்த வரிசையை அவள் ஒருநாளும் மாற்றவில்லை. அதில் தப்பு இருப்பதாக யாருக்கும் தோன்றவுமில்லை.

குளிர் அவளுக்கு ஆகாது. மத்தியானம் டப்பாவைத் தண்ணீரில் கழுவிவிட்டு வந்தால் விரல் நுனிகள் சுண்ணாம்பாக வெளுத்துவிடும். அந்த விரலோடு ஊசியை மாட்டப் போய் ஒடித்துவிடுவாள். இரண்டு ஒடிந்ததும், "ஸாரி அண்ணா," என்று சொல்லிவிட்டு இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்துகொள்வாள். ஊசி ஒடிந்ததில் அவருக்கு வருத்தமில்லை. அந்த உட்காரல்தான் அவரை என்னவோ செய்தது. குளிரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா?

அவள் சேர்ந்த இரண்டாம் வருடம் ஒருநாள், பைக்குள் கையை விட்டு, வெளியே எடுக்காமலே ரிமோட்டை ஆறு தடவை அழுத்தினார். இருபத்தாறு. அன்று ஓர் ஊசியும் ஒடியவில்லை. தலைமை விஞ்ஞானி மேடத்துக்கு மத்தியானங்களில் வேறு கட்டடத்தில் வகுப்பு. ஐந்து மணிக்கு மறுபடி ஆறு அழுத்து, இருபதுக்கு வந்துவிட்டது. மறுநாளும் அப்படியே. பிறகு தினமும் அப்படியே. கண்ணாடி போட்ட ஒரு பிள்ளைக்காக இயந்திரங்கள் மத்தியானம் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும் என்று இருந்துவிட்டார்.

"சாப்பிட்டு வந்தா குளிரே தெரியல அண்ணா," என்றாள் அவள் ஒருநாள்.

"சாப்பாட்டுச் சூடும்மா," என்றார் அவர்.

இரண்டு வருடத்தில் முடிவு வந்தது. சாதாரண வாசல் அடைத்துக்கொள்ளப் பன்னிரண்டு மில்லிசெகண்ட். மாறிய வாசலுக்கு ஆறரை. ஏறக்குறைய பாதி நேரம். நோயின் வேரே கையில் அகப்பட்டதுபோல் இருந்தது. மேடம் சிரித்து அன்றுதான் பலர் பார்த்தார்கள். கட்டுரை போயிற்று, அச்சாயிற்று. ஸ்வெட்டர் அண்ணன் பேக்கரியிலிருந்து ஒரு கேக் கொண்டுவந்தார். அதன்மேல் வீட்டம்மா க்ரீமில் ஒரு கோடு போட்டிருந்தார், சட்டென்று ஏறிச் சரிகிற அதே கோடு. டாக்டரம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தக் கோட்டை மட்டும் வெட்டாமல் வைத்திருந்து கடைசியில் தானே சாப்பிட்டாள்.

நான்கு மாதம் கழித்துக் கடிதம் வந்தது. வேறொரு நாட்டில் வேறொரு குழு அதே வாசலைக் கட்டிப் பார்த்திருக்கிறது. அவர்களுக்கு எந்த வித்தியாசமும் கிடைக்கவில்லை. இரண்டுக்கும் பன்னிரண்டு.

மேடம் அவளைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் கேட்டார். கரைசல்? சரி. முட்டை? சரி. வெப்பம்? அவள் தாள்களையெல்லாம் கொண்டுபோய் விரித்துக் காட்டினாள். அறுநூறு தாள், அறுநூறிலும் இருபது. அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஒன்றுதான்: வேண்டியதை வைத்துக்கொண்டு வேண்டாததை ஒதுக்கினாளா? அப்படி யாரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் அவள் நடந்துபோனால் நடைபாதையில் பேச்சு நின்றது. வெள்ளிக்கிழமை மூன்று பேராசிரியர்கள் உட்கார்ந்து விசாரிப்பார்கள், அவள் தொடரலாமா வேண்டாமா என்று அன்றே முடிவு என்றார்கள். நான்கு வருட உழைப்பும் அவள் நேர்மையும் அந்த வெள்ளிக்கிழமையில் வந்து நின்றன. டாக்டரம்மா பேச்சைக் குறைத்துவிட்டாள். ஸ்வெட்டர் அண்ணன் அவளுக்காக நல்ல முட்டைகளாகப் பொறுக்கிப் பொறுக்கி வைத்தார். அவரால் முடிந்தது அவ்வளவுதான் என்று நினைத்தார்.

புதன்கிழமை காலையில் ஏசி நின்றுபோனது. எட்டு வருடத்தில் முதல் தடவை. அவர் வந்து கதவைத் திறந்தபோது அவள் ஏற்கெனவே ஒரு முட்டையை வைத்து அளந்துகொண்டிருந்தாள். சாதாரண வாசல்தான். திரையில் கோடு ஏறியது, ஏறிய வேகத்தில் சடாரென்று இறங்கியது. அவர் அந்தக் கோட்டைப் பார்த்தார். அது மத்தியானக் கோடு. இரண்டு வருடமாகத் தினமும் மத்தியானம் பார்த்த கோடு.

"ஏசி ஓடல அண்ணா," என்றாள் அவள், திரும்பாமலே. "ரிப்பேருக்குச் சொல்லிடுங்க. இன்னைக்கு எதையும் பதிவு பண்ண வேணாம், எல்லாம் வீண்."

"ஏம்மா? மெஷின் சூடாயிடுமா?"

"மெஷினுக்கு என்ன வந்தது? வாசலுக்குத்தான். சூட்டுல எல்லாம் வேகமா ஆடும், அந்த உருண்டையும் சீக்கிரம் வந்து அடைச்சுக்கும். ஆறு டிகிரி கூடினாலே பாதி நேரம்தான் எடுக்கும்." அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "நல்லவேளை, நீங்க தினமும் எழுதி வெச்சிருக்கீங்க. இல்லன்னா அதையும் எம்மேலதான் போட்டிருப்பாங்க."

ரிப்பேர்காரருக்குச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தவர், தவளைத் தொட்டிகள் இருக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றார். பையில் ரிமோட் கனத்தது. போய்ச் சொல்லியிருக்கலாம். பத்தே அடி தூரம். அவர் சொல்லவில்லை. அன்று முழுவதும் சொல்லவில்லை. அவர்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் அந்த ஒரு நாளை என்னால் பூசி மெழுக முடியாது.

சாயங்காலம் வீட்டில் வீட்டம்மா வழக்கம்போல் விசிறியை ஐந்தில் வைத்துவிட்டுச் சண்டைக்குத் தயாராக உட்கார்ந்தார். சண்டை வரவில்லை. கால் மணி நேரம் காத்திருந்து பார்த்தார். வீட்டுக்காரர் விசிறிக்கு நேர்கீழே, ஸ்வெட்டர்கூடப் போடாமல், சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டம்மா எழுந்துபோய் விசிறியை நிறுத்தினார்.

"என்ன ஆச்சு சொல்லுங்க."

அவர் சொன்னார். ரிமோட், வெளுத்த விரல், திங்கட்கிழமைத் தாள்கள், கடிதம், வெள்ளிக்கிழமை, எல்லாவற்றையும் சொன்னார்.

"போன வருஷம் எங்க பேக்கரியில நூறு ரொட்டி மேல கருகி உள்ள மாவா போச்சே, ஞாபகம் இருக்கா?" என்றார் வீட்டம்மா. "காலை ஷிப்டுக்காரி அடுப்பு மந்தமா இருக்குன்னு குமிழைத் திருப்பி வெச்சுட்டுப் போயிட்டா. எனக்கு நல்லது பண்றதா நெனச்சுதான் பண்ணா. எங்கிட்ட சொல்லல. நான் மாவு சரியில்லன்னு மூணு நாள் மாவைப் பெசஞ்சு பெசஞ்சு பாத்தேன். என் கையே கெட்டுப்போச்சுன்னு அழுதேன்."

"நான் நல்லதுக்குத்தானே..."

"சூடு வெச்சது பாசத்துல. சரி, ஒத்துக்கறேன். இருபதுன்னு எழுதினது எந்தப் பாசத்துல?"

அவர் நின்றுபோன விசிறியை அண்ணாந்து பார்த்தார். "சோம்பல்," என்றார்.

"அதைச் சொல்லுங்க போய். பாசத்தை மட்டும் சொல்லிட்டு வந்துடாதீங்க."

வியாழன் காலையில், நடைபாதை ஓரத்தில் டீ மிஷின் பக்கத்தில், டாக்டரம்மா கோப்பையோடு நின்றிருந்தபோது அவர் சொன்னார். பைக்குள்ளிருந்து ரிமோட்டை எடுத்து மிஷின் மேல் வைத்துவிட்டுத்தான் சொன்னார். எதையும் விடவில்லை, திங்கட்கிழமைத் தாள்களையும் நேற்றுச் சொல்லாததையும் சேர்த்தே சொன்னார்.

அவளுக்கு முதலில் புரியவில்லை. "எந்தெந்த நாள் அண்ணா?"

"எல்லா நாளும்மா."

"மத்தியானம் மட்டுமா?"

"மத்தியானம் மட்டும்தான். உன் கை வெளுத்துப் போகும். அதைப் பாக்க முடியல. எனக்கு அது மெஷினுக்கு வெச்ச குளிருன்னுதான் தெரியும்."

அவள் கோப்பையை வைத்தாள். அவள் கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. ஆறு டிகிரி, பாதி நேரம், பன்னிரண்டு, ஆறரை. கணக்கு முடிந்ததும் முகம் அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. வெறுமையாக இருந்தது. "அப்ப ஒண்ணுமே இல்ல," என்றாள். "அந்த வாசல்ல ஒண்ணுமே இல்ல. ரெண்டு வருஷமா நான் உங்க ஏசியத்தான் அளந்திருக்கேன்." அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் நடந்து போய்விட்டாள்.

மேடத்தின் அறையில் அவரைத் தாளித்துக் கொட்டிவிட்டார்கள். இருபத்தாறு வருட அனுபவம் இதற்குத்தானா, உங்கள் கையெழுத்தை நம்பித்தானே ஒரு பெண்ணைத் திருடி மாதிரி நிறுத்தினேன் என்று மேடம் மேசையைத் தட்டினார். அவர் தலையைக் குனிந்தபடி, வேலையை விட்டு நின்றுகொள்கிறேன் என்றார். "வேலையை விட்டுட்டுப் போனா யார் திருப்பிச் செய்யறது?" என்றார் மேடம் இன்னும் கோபமாக. பிறகு டாக்டரம்மாவைக் கூப்பிட்டு, காலையில் ஒன்று மத்தியானம் ஒன்று என்று ஏன் ஒரே வரிசையில் அளந்தாய், மாற்றி மாற்றி அளந்திருந்தால் முதல் மாதமே தெரிந்திருக்குமே என்று அவளையும் திட்டினார். சொல்லிக்கொண்டே மேடம் தாள் ஒன்றைத் தேடினார். மேசையில் கிடந்த கண்ணாடி உருண்டைக்கு அடியிலிருந்து வேறொரு தாள் வந்தது. தொட்டி வெப்பமானி ஒன்று தேவை என்று ஸ்வெட்டர் அண்ணன் எழுதிக் கொடுத்த தாள். மேடம் அதை முழுவதும் படித்தார். அதன்பிறகு அவர் குரல் ஏறவில்லை.

அன்றைக்கே பக்கத்துக் கூடத்திலிருந்து வெப்பமானி ஒன்று இரவல் வந்தது. ஏசியும் அதற்குள் ஓடத் தொடங்கியிருந்தது. ஸ்வெட்டர் அண்ணன் இரண்டு வகை முட்டைகளையும் கலந்து எண் மட்டும் போட்டுக் கொடுத்தார். எது எந்த வகை என்று அளப்பவளுக்குத் தெரியாது. இருபதில் எல்லாம் பன்னிரண்டை ஒட்டி வந்தன. இருபத்தாறில் எல்லாம் ஆறரையை ஒட்டி வந்தன. சாயங்காலம் எண்களைப் பிரித்துப் பார்த்தபோது இரண்டு வகைக்கும் கணக்கு ஒன்றாகவே இருந்தது. வாசல் மாறியதால் ஒன்றும் ஆகவில்லை. எல்லாம் சூடு செய்த வேலை.

வெள்ளிக்கிழமை மூன்று பேராசிரியர்களும் அந்தத் தாள்களைப் பார்த்தார்கள். அவள் எதையும் ஒதுக்கவில்லை, இட்டுக்கட்டவில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொன்னார்கள். ஸ்வெட்டர் அண்ணனின் கோப்பில் ஒரு கண்டனக் கடிதம் சேர்ந்தது. அவர் அதைப் படித்துவிட்டு, எழுத்துப்பிழை இல்லாமல் இருக்கிறது என்று வீட்டம்மாவிடம் காட்டினார்.

மேடம்தான் அடுத்த வழியைச் சொன்னார். அந்தக் குடும்பத்தின் மருத்துவக் குறிப்பில், காய்ச்சல் வந்தால் தள்ளாட்டம் அதிகமாகிறது என்று ஒரு வரி இருந்தது. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இப்போது எடுத்துக்கொண்டார்கள். பதினாறு டிகிரியிலிருந்து காய்ச்சல் சூடுவரை ஒவ்வொரு படியாக, வாசல் எத்தனை நேரத்தில் அடைகிறது, எத்தனை நேரத்தில் அடைப்பு விலகுகிறது என்று இரண்டு வகையையும் முதலிலிருந்து அளக்க வேண்டும். ஏதாவது கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். இன்னும் ஒன்றரை வருடமாவது ஆகும்.

டாக்டரம்மா வேலையைத் தொடங்கினாள். பதினோரு நாள் அவரிடம் வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. முட்டை வேண்டும், ஊசி வேண்டும், அவ்வளவுதான். அண்ணா என்ற சொல்லும் வரவில்லை. அவர் அதை எதிர்பார்க்கவும் இல்லை. வீட்டில் விசிறி ஐந்தில் ஓடியது. வீட்டம்மாவே பாவம் பார்த்து மூன்றுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்.

பன்னிரண்டாம் நாள் பதினாறு டிகிரி. அந்த அறையில் அத்தனை குளிர் அதற்குமுன் வந்ததில்லை. மத்தியானம் அவள் டப்பாவைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள். முதல் ஊசி ஒடிந்தது. இரண்டாவதும் ஒடிந்தது. இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

அவர் கை தானாகப் பைக்குப் போனது. பை காலியாக இருந்தது. ரிமோட் இப்போது சுவரில், எல்லோர் கண்ணிலும் படும்படி, ஒரு கயிற்றில் தொங்கியது. மனசு கேட்கவில்லை.

"கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சுட்டு, கை சூடானதும் ஆரம்பிக்கலாமாம்மா?"

"வேணாம். முட்டை தாங்காது," என்றாள் அவள், திரையைப் பார்த்தபடி. பிறகு கொஞ்சம் கழித்துத் திரும்பினாள். "அண்ணா."

"சொல்லும்மா."

"அந்த ஸ்வெட்டரைக் கழட்டிக் குடுங்க."

அவர் கழற்றிக் கொடுத்தார். உள்ளே அரைக்கைச் சட்டை, ஒல்லியான கைகள். இருபத்தாறு வருடத்தில் அங்கே யாரும் பார்க்காத கைகள். அவள் ஸ்வெட்டரை மாட்டி, நீண்டு தொங்கிய கைகளுக்குள் விரல்களை இழுத்துக்கொண்டு, அடுப்புக் கையுறை ஒட்டுப்போட்ட முழங்கையை மேசையில் ஊன்றிக் காத்திருந்தாள். விரல் நுனிகளில் மெல்ல மெல்ல ரத்தம் திரும்பியது. மூன்றாவது ஊசி ஒடியாமல் இறங்கியது.

அவருக்கு மயிர்க்கூச்செறிந்து பல் தந்தியடித்தது. தாளை எடுத்தார். தேதி, தவளை, கரைசல் எண் எழுதிவிட்டு, தொட்டிக்குமேல் குனிந்து வெப்பமானியைப் பார்த்தார்.

"எவ்வளவு காட்டுது?" என்றாள் அவள்.

"பதினாறு புள்ளி மூணு."

"பாத்துட்டுத்தானே சொல்றீங்க?"

"பாத்துட்டுத்தாம்மா," என்றார் அவர், இன்னொரு முறை குனிந்து பார்த்துவிட்டு.